பின்னால் கேட்ட சிரிப்பு

"தம்பி, நீங்க பேட்டி எடுக்கப் போனீங்களா, குடுக்கப் போனீங்களா?"

காதம்மா என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். ஆய்வு மையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் என்ன, எங்கள் தெருவிலேயே கல்லூரி வாசலை மிதித்துப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் நான். மையத்தில் கொடுத்த அடையாள அட்டையைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் படிக்கத் தோதாக அதைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். அந்த மிடுக்கோடு போய், குப்பை பிரிக்கும் ஒரு பெரியவரைப் பேட்டி கண்டு, ஒலிப்பதிவைத் தட்டச்சுக்குக் கொடுத்திருந்தேன். மறுநாளே மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேசை, ஒரு கணினி, சுவரோரம் பழைய அறிக்கைக் கட்டுகள். மேசைக்குக் கீழே தையல் இயந்திரத்தில் இருப்பது போல ஒரு மிதி. அழுத்தினால் பதிவு ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் தட்டினால் கொஞ்சம் பின்னால் போய்த் திரும்பச் சொல்லும். அதை மிதித்தபடி உட்கார்ந்திருந்தார் ஓர் அம்மா. ஐம்பது தாண்டிய வயது, நெற்றி வரை ஏறிய கண்ணாடி. பஞ்சு பிய்ந்துபோன ஹெட்போனுக்குத் தன் பழைய ரவிக்கைத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார். அதைக் கழற்றி என் தலையில் மாட்டினார்.

"கேளுங்க."

என் குரல்தான் ஓடியது. 'ஐயா, நானும் உங்களை மாதிரி வீட்லேர்ந்து வந்தவன்தான்' என்று ஆரம்பித்து, அப்பா பார்க்கும் வேலை, நான் படித்த பள்ளிக்கூடம், கல்லூரியில் இடம் கிடைத்த கதை, வாங்கிய மதிப்பெண் வரை வந்துவிட்டேன். நடுநடுவே பெரியவர், "அப்படியா? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியவர் ரொம்ப நல்லா கேள்வி கேட்டிருக்கார்," என்றார் காதம்மா. "பேசாம அவருக்கே இந்த வேலையப் போட்டுக் குடுத்துடலாம்."

"வயசுல பெரியவங்க, சொல்றீங்க. ஆனா காதைக் கொஞ்சம் மெதுவா திருகுங்கம்மா," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "பரவால்ல, பட்டதாரிக்கு வாயும் இருக்கு."

அன்றிலிருந்து நான் அவருக்குப் பட்டதாரி. அவர் எல்லோருக்கும் காதம்மா. எந்தக் காலத்திலோ ஒரு மாணவன் வைத்த பெயர். "வாயம்மான்னு வைக்காம விட்டானே, புண்ணியவான்" என்பார்.

எங்கள் மையத்தின் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் இருந்தும் ஊரில் சேராதவர்கள் என்று ஒரு கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. சாக்கடை அள்ளுகிறவர்கள், குப்பை பிரிக்கிறவர்கள், நேற்று இருந்த குடிசையை இன்று இடித்துவிட்டதால் பாலத்துக்குக் கீழே சமைக்கிறவர்கள். அவர்களிடம் போய், அவர்கள் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பதிவு செய்து, அதிலிருந்து ஆய்வு எழுதுவது. பதிவுகள் காதம்மாவிடம் வரும். அவர் சொல் விடாமல் தட்டச்சு செய்வார். யார் பேசியது, எந்த இடம் என்று அவருக்குச் சொல்ல மாட்டோம், பதிவின் மேல் ஓர் எண் மட்டும் இருக்கும். பேச்சில் பெயர் வந்தால் அந்த இடத்தில் கோடு போட்டுவிடுவார். தட்டச்சு சரிபார்த்து முடிந்ததும் ஒலியை அழித்துவிடுவோம்.

"நம்ம ஆராய்ச்சியால ஒருத்தருக்கும் வேலை போகக் கூடாது, வீடு போகக் கூடாது, உயிரும் போகக் கூடாது," என்பார் எங்கள் பேராசிரியை. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் பாடம் இதுதான்.

காதம்மாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. பேசுகிறவரின் பேச்சை மட்டும் தட்டச்சு செய்தால் போதும். இவரோ பின்னால் கேட்பதையெல்லாம் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவார். (பின்னால் நாய் குரைக்கிறது.) (யாரோ குடத்தைக் கீழே வைக்கிறார்கள்.) (தூரத்தில் ஒரு பெண் யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறாள்.) (இரண்டு பெண்கள் சிரிக்கிறார்கள்.) இதனால் மற்றவர்கள் ஒரு நாளில் முடிக்கும் பதிவு இவரிடம் மூன்று நாள் கிடக்கும். "ஆய்வு மாதிரியா இருக்கு? நாடகம் மாதிரி இருக்கு" என்று மாணவர்கள் கேலி செய்வார்கள். சீக்கிரம் முடியுங்கள் என்று மேலே இருந்து சொல்லி அனுப்பினால், "அவசரப்பட்டா காது அடைச்சுக்கும்" என்று பதில் வரும். ஏன் இப்படி ஒரு பிடிவாதம் என்று யாரும் கேட்டதில்லை. வயதானவர்களுக்கு ஆளுக்கொரு கிறுக்கு என்று விட்டுவிட்டோம்.

மதியம் நானும் அவரும் அந்த அறையில்தான் டப்பாவைத் திறப்போம். அவர் தனி ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டு, அவர் போன பிறகு ஒரு மாடி அறைக்குக் குடிவந்தவர். வீட்டைப் பற்றி அவ்வளவுதான் சொல்வார். என் வீட்டுக் கதையை மட்டும் விடாமல் கேட்டுக்கொள்வார். "உங்கப்பாவுக்கு முதுகு வலி எப்படி இருக்கு? உங்கம்மா அந்த அட்டையத் தொட்டுப் பார்த்தாங்களா?" என்பார். கேட்பதற்கு யாராவது இருந்தால் எனக்கு ஊர்க்கதை ஊற்று மாதிரி வரும். அவருக்குக் கேட்கப் பிடிக்கும். எங்களுக்குள் அப்படி ஓர் ஒட்டுதல் உண்டாகிவிட்டது.

பிறகுதான் சலவைக்கூடத்து ஆய்வு வந்தது. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் பெரிய கூடம். நீராவியும் சலவைச் சோடா நெடியும் சேர்ந்து கண்ணைக் கரிக்கும். மடிக்கும் அறையில் பெண்கள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று, விரிப்பின் நுனிகளைப் பிடித்து உதறி, நெருங்கி, நுனியோடு நுனி சேர்த்து, விலகி மறுபடி நெருங்குவார்கள். நாள் முழுக்க அதுதான். எல்லோரும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். எல்லோரும் எங்கள் தெரு மாதிரித் தெருக்களிலிருந்து வந்தவர்கள். அங்கே கைவலிக்காரம்மா ஒருவரை, வேலைக்கு நடுவிலேயே பேட்டி எடுத்தேன். இந்த முறை வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

பதிவைக் கொடுத்த இரண்டாம் நாள், முழங்கால் வலியால் மாடிப்படி ஏறாத காதம்மா ஏறி வந்து என் மேசை அருகே நின்றார். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது, அதன் கம்பி தரையில் இழுபட்டது.

"கொஞ்சம் கீழ வாங்க."

அறையில் மிதியை அழுத்தி எனக்குப் போட்டுக் காட்டினார். இயந்திரங்களின் ஓங்காரம். கைவலிக்காரம்மா, "ராத்திரி கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாது தம்பி" என்று சொல்கிறார். அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், ஏதோ ஒன்று.

"விக்கலா?"

"சிரிப்பு. எல்லாரும் மூச்சை வெளிய விட்டுத்தானே சிரிப்பாங்க? இது உள்ள இழுத்துக்கிட்டே சிரிக்கிற சிரிப்பு." குதிகாலால் தட்டினார். மறுபடி ஓடியது. மறுபடி தட்டினார். "எங்க எடுத்தீங்க இதை?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கையை நீட்டித் தடுத்தார். "வேணாம். சொல்லாதீங்க. கேட்டது தப்பு." அப்படியே உட்கார்ந்துவிட்டார். மிதியிலிருந்து கால் எடுபடாமல் பதிவு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பிறகுதான் காலை எடுத்தார். "எனக்கு ஒரு அக்கா உண்டு."

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்தாள். அப்பா அலுவலகத்தில் கணக்கர், இஸ்திரி கலையாத சட்டை, ஊரில் மரியாதை. அக்கா தண்ணீர் லாரி ஓட்டும் ஒரு பையனை விரும்பினாள்.

"அவன் யாருன்னா..." காதம்மா நிறுத்தி என்னைப் பார்த்தார். "உங்ககிட்ட சொல்லவே கூச்சமா இருக்கு தம்பி."

"சொல்லுங்கம்மா. சாக்கடை அள்றவங்க வீட்டுப் பையன், அதானே? எங்கப்பாவும் அதே வேலைதான். இந்தப் பேச்சையெல்லாம் கேட்டு மரத்துப்போன காதுதான் இது."

"அப்பா அதைவிட மோசமா சொன்னார்."

"அதையும் கேட்டிருப்போம்."

அக்கா ஒரு விடியற்காலையில் வீட்டை விட்டுப் போனாள். அப்பா அன்றைக்கே, "அவளைத் தலைமுழுகியாச்சு. எனக்கு ஒரே பொண்ணு" என்று தெருவில் நின்று சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் யாராவது வாய் தவறி அவள் பெயரைச் சொன்னால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். அம்மா அவர் சாப்பிட வேண்டுமே என்று பெயரை விழுங்கப் பழகி, ஒரு நாள் அந்தப் பெயரோடேயே போய்ச் சேர்ந்தாள். காதம்மா தட்டச்சு கற்று ஒரு வக்கீலிடம் வேலை செய்துகொண்டிருந்தபோது, இந்த மையத்தில் ஆள் தேவை என்று தெரிந்தது.

"இங்க யாரையெல்லாம் பேட்டி எடுக்கறாங்கன்னு விசாரிச்சேன். எங்கக்கா எந்த மாதிரித் தெருவுக்குப் போனாளோ, அந்தத் தெருக்காரங்களத்தான்னு சொன்னாங்க. சம்பளம் எவ்வளவுன்னுகூடக் கேக்காம சேர்ந்துட்டேன். பேசறவங்களா அவ இல்லாட்டி பக்கத்து வீட்டுக்காரியா இருக்கலாம், தண்ணி பிடிக்க வந்தவளா இருக்கலாம். என்னைக்காவது பின்னாடி சிரிப்பாள்னு..."

அடைப்புக்குறிகள் எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாய் குரைத்ததையும் குடம் வைத்ததையும் கடந்து கடந்து அவர் இத்தனை காலமும் ஒரு சிரிப்பைத் தேடி நடந்திருக்கிறார்.

நான் அவரைக் கூட்டிக்கொண்டு பேராசிரியையிடம் போனேன். அவர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"இடத்தைச் சொல்ல முடியாது. உங்களுக்கே தெரியும்," என்றார் காதம்மாவிடம். "வேற தெருப் பையனோட போன பொண்ணை வீட்டுக்காரங்க எதுக்கெல்லாம் தேடுவாங்கன்னு நாம நிறைய பதிவுல கேட்டிருக்கோம். அவங்க தொலைஞ்சு போனவங்களா, ஒளிஞ்சிருக்கறவங்களான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும் மேடம். அந்த விதியைத் தட்டச்சு பண்ணதே நான்தான்."

"ஆனா இவர் போய் அவங்ககிட்டக் கேட்கலாம். உங்களை ஒருத்தங்க தேடறாங்க, கண்டுபிடிக்கப்பட உங்களுக்குச் சம்மதமான்னு. அவங்க வேணாம்னா அதோட முடிஞ்சுது. சரின்னு சொல்லுவீங்களா?"

காதம்மா தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எலிக்குட்டி கேட்டாள்னு மட்டும் சொல்லுங்க. அவ என்னை அப்படித்தான் கூப்பிடுவா. வேற யாருக்கும் தெரியாது."

சலவைக்கூடத்துக்கு மறுபடி போனேன். மடிக்கும் அறையில் ஓரமாக நின்றேன். விரிப்புகள் உயர்ந்து தாழ்ந்தன. யாரோ ஒப்பந்தக்காரரின் நடையை நடித்துக் காட்ட, கடைசி மேசையிலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, விக்கல் மாதிரி. திரும்பிப் பார்த்தேன். சிரித்தவளுக்கு என் வயது இருக்கும்.

எதுவும் பேசாமல் திரும்பிவிட்டேன். மதியம் காதம்மா டப்பாவைத் திறக்காமலே காத்திருந்தார்.

"அம்மா, அவங்க சின்னப் பொண்ணு. என் வயசுதான்."

 அவர் ஹெட்போனின் உறையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஆமா. சிரிப்பும் சின்னப் பொண்ணு சிரிப்புதான். எனக்கு அது உறைக்கவே இல்ல பாருங்க. பதிவுல குரலுக்கு வயசு ஆகாது தம்பி. எப்ப போட்டாலும் அதே குரல். அதுலயே உக்காந்திருந்து, மனுஷங்களுக்கும் அப்படித்தான்னு இருந்துட்டேன். நான் இத்தனை வருஷமும் தேடினது பத்தொன்பது வயசுக்காரிய. எங்கக்காவுக்கு இப்ப அறுபது இருக்கும். அந்தக் குரல் இந்தக் காது வழியாப் போயிருந்தா, எவளோ கிழவின்னு அடிச்சுத் தள்ளிட்டுப் போயிருப்பேன்."

நான் சொன்னேன்: "அந்தப் பொண்ணு அக்காவோட பொண்ணா இருந்தா?"

அவர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடினார்.

அடுத்த நாள் தேநீர் இடைவேளையில் சிரிப்புக்காரப் பெண்ணிடம் போய் உட்கார்ந்தேன்.

"என்ன சார், இன்னைக்கு என்னையா பிடிச்சீங்க? எனக்குக் கைவலியும் இல்ல கால்வலியும் இல்ல, வாய்வலிதான்."

"உங்க சிரிப்பு வித்தியாசமா இருக்கே. யார் மாதிரி?"

"பொண்ணு பார்க்க வந்தீங்களா, பேட்டிக்கு வந்தீங்களா? மொதல்ல அதைச் சொல்லுங்க." பக்கத்தில் இருந்த பெண்கள் கொக்கரித்தார்கள். எனக்குக் காது சூடானது. அவளே இரங்கி, "எங்கம்மா மாதிரி. ஆனா அம்மா இப்ப சிரிக்கறதில்ல. முன்பல்லு போச்சு, வாயைப் பொத்திக்கறாங்க" என்றாள். "என்கிட்ட மட்டும் இல்ல, அம்மாகிட்டயும் உங்கள மாதிரி ஒருத்தங்க மைக்கை நீட்டியிருக்காங்க. நான் சின்னப் புள்ள. எங்க குடிசைய இடிச்சப்போ ஒரு அம்மா வந்து ரொம்ப நேரம் கேட்டுட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் வரவே இல்ல."

நான் அவளைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் உங்கள் சிரிப்பைக் கேட்டு அவருடைய அக்காவை நினைத்தார். எந்த இடம், யார் என்று அவருக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். உங்கள் அம்மா சம்மதித்தால் மட்டும்தான். எலிக்குட்டி கேட்டாள் என்று சொல்லச் சொன்னார்.

அவள் சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. "அம்மாவுக்கு யாரும் இல்லன்னுதான் சொல்லியிருக்காங்க" என்றாள்.

இடத்தையும் ஆளையும் சொல்லாமல், குடிசை இடித்த கதையை மட்டும் நான் சொன்னதும் காதம்மா வேகமாக எழுந்தார். அந்த இடிப்பு ஆய்வைச் செய்தது எங்கள் மையம்தான், அதன் பதிவுகள் முழுவதையும் தட்டச்சு செய்தது இவர்தான். ஒலிகளை அப்போதே அழித்தாயிற்று. தட்டச்சுக் கட்டை மட்டும் சுவரோரத்திலிருந்து இழுத்துத் தூசி தட்டி, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் படித்தார். மறுநாள் அதை மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டார்.

"தெரியல தம்பி. எழுத்துல எல்லாரும் ஒரே குரல்ல பேசறாங்க. எல்லாருக்கும் வீடு போயிருக்கு, எல்லாரும் பாத்திரம் நசுங்கிப்போச்சுன்னு அழறாங்க. அதுல ஒருத்தி எங்கக்காவா இருந்தா, நான் அவளுக்கு ஒரு எண்ணைப் போட்டு, முற்றுப்புள்ளி வச்சு அனுப்பியிருக்கேன்."

சலவைக்கூடத்திலிருந்து பதில் வரச் சில நாள் ஆனது. அந்த நாட்களில் காதம்மா ஒழுங்காக வேலை செய்தார். ஆனால் நான் படியில் இறங்கும் சத்தம் கேட்டாலே மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். என் கையில் ஒன்றும் இல்லை என்று என் நடையிலிருந்தே தெரிந்துகொண்டு மறுபடி அழுத்துவார்.

கடைசியில் சிரிப்புக்காரப் பெண் சொன்னாள்: "எலிக்குட்டின்னு சொன்னதும் அம்மா சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டாங்க. ராத்திரி சாப்பிடல. ஒண்ணுமே பேசல. இன்னைக்குக் காலைல நான் கிளம்பும்போதுதான் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. அன்னைக்குக் கதவைத் தாழ் போட்டாளான்னு கேட்டுட்டு வான்னாங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படியே கொண்டுபோய்க் காதம்மாவிடம் சொன்னேன். அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்துதான் பேச்சு வந்தது.

"அவளேதான்."

அக்கா போன அந்த விடியற்காலையில் இருவரும் ஒரே பாயில் படுத்திருந்தார்களாம். அக்கா எழுந்து, சத்தமில்லாமல் கதவைத் திறந்து, வாசலில் நின்றுகொண்டு உள்ளே பார்த்து மெல்லச் சொன்னாளாம்: "எலிக்குட்டி, கதவைத் தாழ் போட்டுக்க." போகிற நேரத்திலும் வீடு திறந்து கிடக்கிறதே என்ற கவலை. மறுபடி ஒரு முறை கூப்பிட்டாள். தங்கை அசையவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்துப் போய்விட்டாள்.

"தூங்கல தம்பி," என்றார் காதம்மா.

 பிறகு தானே என்னிடம் கையை நீட்டினார். "உங்க பதிவுக் கருவியக் குடுங்க. பதிலை நானே சொல்றேன்."

வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் குரலைக் கேட்டவருக்குத் தன் குரலைக் கொடுக்கத் தெரியவில்லை. சிவப்பு விளக்கு எரிந்ததும் வாய் ஒட்டிக்கொண்டது. நான் வெளியே போகட்டுமா என்று எழுந்தேன். "இருங்க. எதிர்ல ஆள் இல்லாம பேச வரல. ஆனா நீங்க உங்க கதையை ஆரம்பிச்சுடாதீங்க" என்றார். நான் எதிரே உட்கார்ந்தேன். முடியும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"அக்கா, எலிக்குட்டி பேசறேன். தாழ் போடல. நீ கூப்பிட்டது கேட்டுச்சு. மொதல் தடவையும் கேட்டுச்சு, மறுதடவையும் கேட்டுச்சு. போர்வைய இழுத்து மூடிக்கிட்டேன். நீ திரும்பி வரணும்னுதான் கதவைத் திறந்து வச்சேன்..." நிறுத்தினார். தலையை ஆட்டிக்கொண்டார். "இல்லக்கா, அது நான் பின்னாடி எனக்கே சொல்லிக்கிட்டது. எந்திரிச்சா எனக்குத் தெரியும்னு ஆயிடும், அப்பா என்னையும் அடிப்பாருன்னு பயந்து படுத்திருந்தேன். அப்பா எந்திரிச்சு வர்ற வரைக்கும் கதவு திறந்தேதான் கிடந்துச்சு. அப்பா போய்ட்டாரு. அம்மாவும் போய்ட்டா. அந்த வீடும் இல்ல இப்ப. உன் பொண்ணு சிரிக்கறது உன்னை மாதிரியே இருக்கு." மறுபடி நிறுத்தினார். "அவ்வளவுதான். தட்டச்சு பண்றவங்க இதை அடிக்க வேணாம்."

கடைசி வாக்கியம் பழக்க தோஷத்தில் வந்துவிட்டது. அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "இருக்கட்டும். நான் என்ன வேலை பார்க்கறேன்னு அவளுக்குத் தெரியட்டும்."

அதைச் சிரிப்புக்காரப் பெண்ணின் கைப்பேசிக்கு அனுப்பினேன். அடுத்த முறை பார்த்தபோது அவளாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போட்டுக் காட்டினேன் சார். மொதல்ல, இது எலிக்குட்டி இல்ல, எவளோ கிழவி பேசறான்னாங்க. மறுபடி போடச் சொன்னாங்க. கதவு திறந்தே கிடந்துச்சுன்னு வர்ற இடத்துல நிறுத்தச் சொன்னாங்க. அப்புறம் சொன்னாங்க, தெருமுனை வரைக்கும் தாழ்ப்பாள் சத்தம் கேக்குதான்னு காதை வச்சுக்கிட்டே நடந்தாங்களாம். கேக்கவே இல்லையாம். ரொம்ப நேரம் முனையிலயே நின்னாங்களாம். இந்த வயசு வரைக்கும், தாழ் போட்டுட்டாளா, நமக்குத்தான் கேக்கலையான்னு நினைச்சுக்கிட்டே இருந்தாங்களாம்."

"அம்மா பேசுவாங்களா?"

அவள் உதட்டைக் கடித்தாள். "அவகிட்டப் பேச எனக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. வேணும்னா நீ பேசிக்க, உனக்குச் சித்திதானேன்னாங்க. என் நம்பரைக் குடுங்க சார். அம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்."

நான் நேராக மையத்துக்கு வந்து, பேராசிரியையிடம் சொல்லிவிட்டு, படியில் இறங்கினேன். இந்த முறை என் நடை எப்படி இருந்ததோ தெரியவில்லை. காதம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.

இது நடந்து நாளாகிவிட்டது. நான் இப்போது அதே மையத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறேன், எங்கள் தெருவிலிருந்து அதிலும் முதல் ஆள். தானாகவே தட்டச்சு செய்யும் மென்பொருள் ஒன்றை மையத்தில் வாங்கியிருக்கிறார்கள். அது பின்னால் கேட்பதையெல்லாம் குப்பை என்று தள்ளிவிடுகிறது. அதனால் இரைச்சலான பதிவுகள் இன்னமும் காதம்மாவிடம்தான் வருகின்றன. அவரும் இன்னமும் அடைப்புக்குறி போடுகிறார், ஆனால் வேகம் கூடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிரிப்புக்காரப் பெண் அவருக்கு போன் செய்கிறாள். சலவைக்கூடத்தில் இந்த வாரம் யார் யாரோடு சண்டை, ஒப்பந்தக்காரர் என்ன சொன்னார், எல்லாம் சொல்கிறாள். "சித்தி, கேக்குதா?" என்று நடுநடுவே கேட்கிறாள். காதம்மா "ம், ம்" என்று சொல்லிக்கொண்டு, அவள் பேச்சுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருக்கிறார். பாத்திரம் கழுவும் சத்தம் வருகிறதாம். இருமல் வருகிறதாம். "விளக்கைப் போடு" என்று ஒரு கிழவியின் குரல் வருகிறதாம். இனி எந்தப் பதிவில் வந்தாலும் அந்தக் குரலை அடையாளம் தெரியும் என்கிறார்.

அக்கா இன்னும் அவரோடு பேசவில்லை. காதம்மா அந்த மாடி அறையில்தான் இருக்கிறார்.